திரும்பி வந்தவர் ஜானி கேஷ் இல்லை

ஜானி கேஷ் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் ஒரே பல்லவிதான். விழுந்தார், எழுந்தார், அறுபது வயதுக்கு மேல் மறுபடி ஜெயித்தார். செகண்ட் இன்னிங்ஸாம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது வருஷத்துக்கும் மேலாக வங்கியில் கணக்கு பார்க்கிறவனுக்கு, வரவைப் பற்று பக்கத்தில் எழுதினால் கண்ணை உறுத்துமா இல்லையா? இந்தக் கதையில் அதுதான் நடந்திருக்கிறது.

அவரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1932-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். பருத்தி விவசாயக் குடும்பம். கன்ட்ரி என்பது அந்தத் தென்மாநிலத்துக் கிராமத்து ஜனங்களின் பாட்டு. பிழைப்பு தேடி வடக்கே ஃபாக்டரிகளுக்குப் போனவர்கள் கூடவே எடுத்துக்கொண்டு போன பாட்டும் அதுதான். கேஷும் 1950-ல் மிச்சிகனில் ஒரு கார் தொழிற்சாலையில் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்கிறார். (ஊர் விட்டு ஊர் வந்து குப்பை கொட்டும் நமக்கு இது புரியும்.) 1968-ல் ஃபோல்சம் சிறைக்குள் போய்க் கைதிகளுக்குப் பாடினார். 1969-ல் வந்த சான் க்வென்டின் சிறை ஆல்பம் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1980-ல் கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். 1958-லிருந்து அவர் கொலம்பியா கம்பெனிக்குப் பாடினார். 1985-ல் வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ், கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் ஆகியோரோடு சேர்ந்து பாடிய 'ஹைவேமேன்' கன்ட்ரி பட்டியலில் முதலிடம். அதுவும் கொலம்பியா வெளியீடுதான். அடுத்த வருஷமே, 1986-ல், "இனி நீங்கள் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். 28 வருஷ வாடிக்கையாளரின் கணக்கை இப்படி மூடினால் எங்கள் வட்டார அலுவலகத்தில் மெமோ கொடுப்பார்கள்.

அவர் மேல் தப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மாத்திரைப் பழக்கம் இருந்தது, 1983-ல் அதற்காக பெட்டி ஃபோர்ட் மையத்தில் சிகிச்சை எடுத்தார். 1984-ல் 'தி சிக்கன் இன் பிளாக்' என்று ஒரு பாட்டு. ஒரு பேங்க் கொள்ளைக்காரனின் மூளையை இவருக்கு வைத்துவிட, இவருடைய மூளை ஒரு கோழிக்குப் போய்விடுகிறதாம்! சொந்தப் பெயரைத் தானே கேலிக்கூத்தாக்கிய வேலை அது. ஆனால் ஒன்றிரண்டு மோசமான காலாண்டுகளை வைத்து முப்பது வருஷச் சொத்தை மதிப்பிடுகிறவனுக்குப் பெயர் மதிப்பீட்டாளர் இல்லை.

வங்கியில் 'ரைட் ஆஃப்' என்று ஒன்று உண்டு. வராது என்று முடிவு கட்டி புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவது. அதனால் மாறுவது எங்கள் பேலன்ஸ் ஷீட் மட்டும்தான். வெளியே இருக்கிற நிலமும் வீடும் அப்படியேதான் இருக்கும். கேஷின் குரலும் அப்படித்தான் இருந்தது.

அதை நிரூபித்தவர் ரிக் ரூபின். ராப்பும் மெட்டலும் தயாரித்த தாடிக்காரர். அவர் செய்த பெரிய மாயம் என்ன? தன் வீட்டு ஹாலில் உட்கார வைத்து, கையில் கிடாரைக் கொடுத்து, பாடுங்கள் என்றார். பக்கவாத்தியம் கிடையாது. 1994-ல் 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' வந்தது, கிராமி கிடைத்தது. ரூபினுக்கு ஒரு சலாம். ஆனால் அந்த கிடாரும் அந்தக் குரலும் 1986-லும் இருந்தனவே, ஐயா! அப்போது கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகாவது கன்ட்ரி ரேடியோ திருந்தியதா? 'அன்செயின்ட்' ஆல்பத்தை அவர்கள் ஏறக்குறைய தொடவே இல்லை. 1998-ல் அதே ஆல்பத்துக்குச் சிறந்த கன்ட்ரி ஆல்பம் என்று கிராமி கிடைத்தது. உடனே ரூபின் தரப்பில் பில்போர்டு பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம். நாஷ்வில் இசைத்துறைக்கும் கன்ட்ரி ரேடியோவுக்கும் "ஆதரவுக்கு நன்றி" என்று வாசகம். படத்தில், சான் க்வென்டினில் எடுத்தது, கேஷ் நடுவிரலைக் காட்டுகிறார். இதைவிட மரியாதையாக எப்படி நன்றி சொல்வது!

2003 செப்டம்பரில் கேஷ் இறந்தார். அதே நவம்பரில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் ஆண்டின் சிறந்த சிங்கிள், ஆல்பம், வீடியோ என்று மூன்று விருதுகளைக் கொடுத்தது. பாட்டும் வீடியோவும் 'ஹர்ட்'. இருக்கும்போது ரேடியோவில் போடாதவர்கள், போன பிறகு மாலை போட்டார்கள். 2006-ல் வெளிவந்த ஆல்பம் மறுபடி முதலிடம். 1969-க்குப் பிறகு அதுதான்.

"அந்தக் கஷ்டம்தான் அவரைக் கலைஞராக்கியது" என்று உருகுகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். கஷ்டம் எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டுதான் போனது. 1988-ல் இதய அறுவை சிகிச்சை. 1997-ல் உடம்பு முடியாமல் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்தவேண்டி வந்தது. 1986 முதல் 1993 வரை பாடிக்கொண்டுதான் இருந்தார், கவனிப்பார் இல்லை. 54 வயதிலிருந்து 61 வரை நல்ல குரலோடு இருந்த காலம் அது. அந்த வருஷங்களை எந்தக் கிராமி திருப்பித் தரும்?

எனவே பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது "விடாமுயற்சி வெற்றி தரும்" என்று முடிக்காதீர்கள். அவர் எங்கேயும் போகவில்லை. போனது கம்பெனி, போனது ரேடியோ. சில வருஷம் கழித்துத் திரும்பி வந்ததும் அவர்கள்தான். அவர்கள் வெட்கப்படவேண்டிய இடத்தில் நாம் ஏன் அவரைப் பாராட்டிக் கைதட்டுகிறோம்?