ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கலாமா?

பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரனோ பேத்தியோ வீட்டில் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உப்புப் பாத்தி ஒன்றின் நீளம், அகலம் இரண்டையும் இரு மடங்காக்கினால் பரப்பு எத்தனை மடங்கு? பெரும்பாலும் "இரண்டு மடங்கு" என்றுதான் பதில் வரும். நான்கு மடங்கு என்பது நம்மூர் உப்பளத்தில் பாத்தி கட்டியவருக்குத் தெரியும்.

இது பாடத்தில் இல்லாத விஷயம் அல்ல. அளவு காரணி 7/3 என்று கொடுத்து, வடிவொத்த முக்கோணம் வரையச் சொல்லும் கணக்கு பத்தாம் வகுப்பில் உண்டு. பொதுத்தேர்வில் வந்தால் 8 மதிப்பெண். ஏழு புள்ளி வை, மூன்றாவதை இணை, ஏழாவதிலிருந்து இணைகோடு போடு என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். பெரிதாக்கும்போது எது மாறுகிறது, எது மாறாது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

இதற்கு மருந்து ஓவிய வகுப்பில் இருக்கிறது. அந்த வகுப்பைத்தான் போர்ஷன் முடிக்கவில்லை என்று கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார். அந்தக் கடன் திரும்பி வருவதே இல்லை.

சினிமா பேனரைக் கையால் வரைந்த காலம் நமக்கு நினைவிருக்கும். சின்னப் போட்டோவில் கட்டம் போட்டு, பேனரிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தை ஏற்றுவார்கள். பிள்ளைகளும் அப்படியே செய்யட்டும். ஒரு சென்டிமீட்டர் கட்டத்தில் ஒரு கானாங்கெளுத்தி, இரண்டு சென்டிமீட்டர் கட்டத்தில் அதே மீன். வாலின் நீளம் இரு மடங்கு, கோணம் மாறாது, வண்ணமடிக்க வேண்டிய இடம் நான்கு மடங்கு. உயரத்தை மட்டும் கூட்டினால் கானாங்கெளுத்தி வாவலாகிவிடும்! வரைந்து பார்த்த பிள்ளைக்கு இது மறக்காது. ஆனால் வரைந்தபின் கட்டங்களை எண்ணச் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டி அதிகாரிக்குக் காட்டுவதோடு நின்றால் அது வெறும் பொழுதுபோக்கு.

2012-ல் ஓவியம், உடற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அரசு எடுத்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை போராட்டம் நடத்தினார்கள் என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். ஓவியத்துக்கு நம் நாட்டில் உள்ள மரியாதை அவ்வளவுதான்.

மார்க் வந்தால் போதாதா என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிலத்தின் எப்.எம்.பி. படத்தை எடுத்துப் பாருங்கள். அளவு 1:1000 என்றால், படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் நிலத்தில் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். 1:2000 என்றால் அதே சதுரம் சுமார் பத்து சென்ட். இரு மடங்குதானே என்று நினைக்கும் பிள்ளை ஐந்து சென்ட் என்பான். நாளை மனை வாங்கும்போதும் வரப்புத் தகராறிலும் தரகர் சொல்வதை நம்பித்தான் அவன் கையெழுத்துப் போடுவான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் இதைக் கேட்க வேண்டும். கணக்கு ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் இரண்டே இரண்டு பீரியட் சேர்ந்து பாடம் நடத்தட்டும். அதற்கு நேரமில்லை என்றால், புரியாத பாடத்தை நடத்த மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?