களஞ்சியமற்றவர்களின் சுபிட்சம்

ஏர் பிடித்த கையே உலகத்தைத் தாங்குகிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்திருக்கும் நமக்கு, விதைக்காமலும் அறுக்காமலும் வாழ்ந்த ஜனங்களை நினைக்கும்போதெல்லாம் பசியும் பீதியும் நிறைந்த ஒரு பரிதாபமான சித்திரமே மனத்தில் எழுவது இயல்புதான். அந்தச் சித்திரத்தில் பெரும்பகுதி நம் கற்பனை என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள காலஹாரி என்னும் வறண்ட மணற்பிரதேசத்தில் வாழ்ந்த சான் மக்களைவிடத் தகுந்த சாட்சி கிடைப்பது அரிது.

1963-இல் ரிச்சர்ட் லீ என்ற மானிடவியல் அறிஞர், இன்றைய போட்ஸ்வானாவின் வடமேற்கு எல்லையிலுள்ள டோபே என்னும் நீர்நிலையை அடைந்து, சான் மக்களில் ஒரு பிரிவினரான ஜூஹோவான்சிகளிடையே தங்கி, யார் எந்த நாளில் உணவு தேடிப் போனார்கள், எதைச் சுமந்து வந்தார்கள், எவ்வளவு உண்டார்கள் என்பதையெல்லாம் தராசும் குறிப்பேடுமாக இருந்து பதிவு செய்தார். அப்போது அத்தேசத்தில் கடும் க்ஷாமம். மழை பொய்த்து, பயிர் கருகி, கால்நடைகள் மடிந்து, குடியானவர்கள் உதவித் தானியத்தை எதிர்பார்த்திருந்த அந்த வேளையிலும் இவர்கள் வழக்கம்போல் உண்டு வந்தார்கள். அதுமட்டுமன்றி, அண்டையில் மாடு மேய்த்தவர்களின் வீட்டுப் பெண்களும் இவர்களுடைய பெண்களோடு கூடிக் காட்டு உணவைச் சேகரிக்கப் போனார்கள்.

வேட்டைக்காரர்கள் என்று நாம் பெயரிட்டாலும் இவர்களுடைய உணவில் எடையளவில் பாதிக்கு மேற்பட்டது பெண்கள் திரட்டிய தாவரமே. அவற்றுள் முதன்மையானது மொங்கோங்கோ என்னும் கொட்டை. வறட்சியைத் தாங்கும் மரத்திலிருந்து உதிர்ந்து, கெட்டியான ஓட்டின் காப்பில் மாதக்கணக்காக மண்மேல் கெடாமல் கிடக்கும் அதைச் சேமிக்கத் தனியாக ஒரு பத்தாயம் எதற்கு? அது கிட்டாத இடத்திலும் காலத்திலும் கிழங்கு, கனி, கீரை என்று உண்ணத்தக்க தாவரங்களாக ஏறத்தாழ 85 வகைகளை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒன்றிரண்டு தானியங்களை நம்பியிருப்பவனுக்கு அவை தவறினால் வேறு புகலில்லை. இவர்களுக்கோ ஒன்று போனால் இன்னொன்று இருந்தது.

வாரத்தில் இரண்டரை நாளுக்கும் குறைவான உழைப்பே ஜீவனத்துக்குப் போதுமானதாக இருந்தது என்று லீ கணக்கிட்டதை வைத்துக்கொண்டு, இவர்களே ஆதிச் செல்வர்கள் என்று கொண்டாடியவர்கள் பலர். கொட்டை உடைப்பதும் விறகு சுமப்பதும் அம்பு செதுக்குவதும் உழைப்பல்லவா என்ற ஆட்சேபம் நியாயமாகவே எழுந்தது. அவற்றையும் கூட்டியபோது கணக்கு வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தை ஒட்டி வந்தது. பிறந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று முதல் ஆண்டைக் கடக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைத்தால், பாலைவனத்தில் சொர்க்கம் தேடும் ஆசை நமக்கு எழாது.

என்னைப் பொறுத்தவரை மணிக்கணக்கைவிட ஆச்சரியமானது, இயற்கையின் நிச்சயமின்மையைச் சமாளிக்க அவர்கள் தம் சமூக வாழ்க்கையில் செய்துகொண்ட ஏற்பாடுகள். வண்டின் புழுவிலிருந்து எடுத்த விஷத்தைத் தடவிய அம்பினால் ஒருவன் ஒரு மானை வீழ்த்தினால், அந்த இறைச்சியைப் பங்கிடும் பொறுப்பு எய்தவனைச் சேராமல் அம்புக்கு உரியவரைச் சேரும். அம்புகளோ ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து மாறிக்கொண்டே இருக்கும். பெரிய மிருகத்தைக் கொன்றவன் தற்பெருமை பேசலாகாது. மற்றவர்களும் அவன் வேட்டையை, எலும்பும் தோலுமாயிருக்கிறதே, இதைச் சுமக்கவா எங்களை இவ்வளவு தூரம் அழைத்தாய் என்று பழிப்பார்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று கொழுத்த எருது ஒன்றை வாங்கிக் கொடுத்த லீயும் இந்தப் பழிப்பைக் கேட்டு மனம் நொந்தார். அகந்தை முற்றினால் அது ஒருநாள் கொலையில் முடியுமென்றும், அதனாலேயே வெற்றியாளனின் நெஞ்சைக் குளிர்விக்கிறோமென்றும் அவர்கள் விளக்கிய பிறகுதான் அவருக்குத் தெளிவு பிறந்தது.

இதனோடு ஹாரோ என்னும் வழக்கமும் உண்டு. நெருப்புக்கோழி முட்டையோட்டு மணிகள் போன்ற அற்பப் பொருள்களைத் தொலைதூரத்து நண்பர்களுக்குக் கொடுத்து, பதிலுக்குக் காலதாமதமாக ஏதேனும் ஒன்றைப் பெற்று, அந்தக் கொடுக்கல் வாங்கலை அறுந்துபோகாமல் காப்பார்கள். தம் பிரதேசத்தில் உணவு தவறும் ஆண்டில் அந்த நண்பர்களின் நிலத்தில் போய்த் தங்கும் உரிமை அதனால் வாய்க்கும். தானியத்தைக் குதிரில் சேர்ப்பதற்குப் பதிலாக மனிதர்களிடத்தில் சேர்த்து வைத்தார்கள் என்று சொல்லலாம்.

இவ்வளவு நுட்பமான ஜீவன முறையை வெறும் வறுமையென்று கண்ட அரசாங்கங்கள் செய்த காரியம் சோகமானது. 1961-இல் ஏற்படுத்தப்பட்ட மத்திய காலஹாரி வனவிலங்குச் சரணாலயத்தில், ஆண்டின் பெரும்பகுதி தேங்கிய நீரே காணாமல் காட்டுத் தர்ப்பூசணியிலும் கிழங்கிலும் தாகம் தீர்த்து வாழ்ந்த வேறு சில சான் பிரிவினரை, 1997-இலும் 2002-இலும் போட்ஸ்வானா அரசு வெளியே குடியேற்றியது. மொதொமெலோ என்னுமிடத்து ஆழ்துளைக் கிணற்றையும் அடைத்தது. வளர்ச்சியின் பயனை அவர்களுக்கும் அளிக்கவே அவ்வாறு செய்ததாக அரசு வாதித்தது. பள்ளியும் மருத்துவமனையும் வேண்டாமென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எந்தக் கிழங்கு எந்த மணல்மேட்டின் கீழ் இருக்கிறதென்ற அறிவு அந்த மணல்மேட்டை விட்டு அகன்றால் எதற்குப் பயன்படும் என்பதை அதிகாரிகள் யோசித்ததாகத் தெரியவில்லை. 2006 டிசம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றம் சட்டவிரோதமென்று தீர்ப்பளித்தது. எனினும் வசதிகளை மீட்டுத் தர அரசு கடமைப்பட்டதன்று என்றும் கூறிவிட்டது. திரும்பிய ஜனங்கள் தங்கள் நிலத்தில் தங்கள் செலவில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்ற சாதாரண உரிமையை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெறுவதற்கு 2011 ஜனவரி வரை வழக்காட வேண்டியிருந்தது.