விண்வெளிக்குப் போன கொலைகாரன்

'ஃபிரைடே த தேர்ட்டீந்த்' படவரிசை 1980இல் தொடங்கியது. அதன் முகமூடிக் கொலைகாரன் ஜேசன் ஏரிக்கரை ஆள். பத்தாவது படமான 'ஜேசன் எக்ஸ்' அவனை உறையவைத்து, 2455ஆம் ஆண்டில் ஒரு விண்கலத்தில் எழுப்பியது. எழுந்த கையோடு ஒரு பெண்ணின் முகத்தைத் திரவ நைதரசனில் அமிழ்த்தி, மேசையில் அடித்து நொறுக்குகிறான். புதுமைதான். ஆனால் படத்தின் சிறந்த காட்சி வேறு. அவனைத் திசைதிருப்ப, கலத்துக்குள்ளேயே பழைய ஏரிக்கரையைப் பொய்த்தோற்றமாக உருவாக்குகிறார்கள். பேயை ஊரைவிட்டுக் கிளப்பியவர்களுக்கே கடைசியில் அந்த ஊர் தேவைப்பட்டது!

தமிழில் இது தலைகீழாக நடந்தது.

ரோபோக் கதையான 'எந்திரன்' (2010), அடுத்த பாகமான '2.0'இல் (2018) பேய்க்கதைக்குள் புகுந்தது. கைபேசிக் கோபுரத்தில் தூக்கிட்டு இறந்த பறவையியலாளர் பக்சிராஜனின் ஆவி, ஊராரின் கைபேசிகளைப் பறித்துக்கொண்டு போகிறது. இயக்குநர் ஷங்கர் அதற்கு ஒளி, ஆற்றல் என்று ஏதேதோ விஞ்ஞான விளக்கம் சொன்னார். அதை யார் கவனித்தார்கள்? சட்டைப்பையில் கிடக்கும் சாமானே கொல்ல வருகிறதே என்பதில்தான் பயம் இருந்தது.

கைபேசிக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்பதே அந்த ஆவியின் முறைப்பாடு. மன்னார் மாவட்டத்து இலுப்பைக்கடவைக் கரையில் இருப்பவருக்கு அது இன்னும் கிட்ட. பூநாரைகள் வலசை வரும் மன்னாரில், காற்றாலைகள் பறவைகளுக்கு ஆபத்து என்று உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. ஷங்கரோ பிற்பாதியில் அந்தக் கோபத்தை இராட்சதப் பறவையாக்கி, விளையாட்டரங்கில் சண்டைக்கு விட்டார். படத்தின் பயம் அதோடு சரி.