ஊசி மருந்தும் ஒரு பொய்யும்

எம் கல்லூரி ஊழியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் கோரிய இளைய ஆசிரியை ஒருவருக்கு அண்மையில் ஜாமீன் கையெழுத்திட்டோம். விண்ணப்பத்தில் காரணம் 'வீடு பழுதுபார்த்தல்' என்றிருந்தது. உண்மைக் காரணம், கருமுட்டையை வளர்க்கும் ஊசி மருந்து. பொய் எழுதியதற்காக அவரைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பொய்யால் ஆதாயம் அடைவோர் யார் என்ற கேள்வி எம்மை விடவில்லை.

குளோமிபீன், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் நடுத்தரக் குடும்பத்தை அச்சுறுத்துவன அல்ல. சோதனைக்குழாய் முறையை நாடுவோருக்குரிய ஊசிகளே கடனில் தள்ளுகின்றன. நாள்தோறும் இத்தனை யூனிட் என அளந்து ஏறத்தாழப் பத்து நாட்கள் போடவேண்டும். முட்டை இருப்புக் குறைந்த பெண்ணுக்குப் பெரும்பாலும் அளவு கூடும்; செலவும் கூடும். மருத்துவமனை சொல்லும் 'பேக்கேஜ்' தொகையில் பல இடங்களில் இந்த ஊசி அடங்குவதேயில்லை.

இம்மருந்தின் வரலாறு விந்தையானது. மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரில் இதற்குரிய சுரப்புநீர் மிகுதி. இத்தாலியில் முதிய கன்னியாஸ்திரீகளிடமிருந்து அதனைச் சேகரித்து வடித்தனர்; அவ்வகை மருந்தின் பயனாக 1962இல் இஸ்ரேலில் முதற் குழந்தை பிறந்தது. (துறவுமடத்திலிருந்து மகப்பேறு! நம் புராணிகர்களும் இவ்வளவு துணிந்ததில்லை.) 1990களில், மரபணு மாற்றிய சீன வெள்ளெலி உயிரணுக்களில் விளைவித்த புதுவகை வந்தது. பொதுவாக இதன் விலை அதிகம். குழந்தை பிறக்கும் வாய்ப்பிலோ இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது 2011இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு.

அவ்வாறாயின், "எந்த வகையை எழுதுகிறீர்கள், ஏன்?" என்று மருத்துவரைக் கேட்கலாமல்லவா? தோழி கேட்கவில்லை. புடவைக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு வாதாடும் நாம் இங்கே வாய் திறப்பதில்லை. பிள்ளைக்காகக் கணக்குப் பார்ப்பது பாவம் என்றொரு எண்ணம். பக்கத்து இருக்கைக்காரர் காதில் விழுந்துவிடுமோ என்றொரு கூச்சம். சிகிச்சை தொடங்கும் முன்பே, ஊசி உள்ளிட்ட முழுச் செலவையும் எழுத்தில் தரவேண்டும் என்பது எம் கருத்து. கேட்போர் இல்லாதவரை யாரும் தரப்போவதில்லை.

காப்பீடும் கை கொடுப்பது அரிது. விலக்குகளை ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் தரப்படுத்தியபோது, மலட்டுத்தன்மைச் சிகிச்சையும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். குறை தோழியிடம் இல்லை. கணவருக்கே விந்தணு குறைவு. ஆயினும் ஊசி ஏறுவது இவர் வயிற்றில். 'மலடி' என்ற சொல்லைத் தெருவெங்கும் கேட்கிறோம். 'மலடன்' அகராதியில் உறங்குகிறான்.

முதற் சுற்று பலிக்கவில்லை. மறு கடனுக்கு மீண்டும் எம்மிடம் வந்தார். இம்முறையேனும் உண்மைக் காரணத்தை எழுதலாமே என்றோம்.

"யோசிக்கிறேன், அக்கா" என்றார்.