கட்டாயத் தாலியும் கதாநாயகனும்

நாவல் படித்துப் பெண்கள் கெட்டுப் போகிறார்கள் என்று திட்டுவது நம் தமிழ்நாட்டில் இன்று நேற்று ஆரம்பித்த சமாசாரம் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்த காலத்திலேயே அந்தத் திட்டு இருந்தது. அந்த நாளில்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தினார். ஐந்து வயதில் கல்யாணம் ஆனவர், பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகத்தை இவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழிதான் எழுதிக்கொண்டாராம். அப்புறம் நூறு நாவலுக்கு மேல் எழுதினார். பெண் படித்தாலும் குற்றம், எழுதினாலும் குற்றம் என்ற காலத்தைத் தாண்டி வந்திருக்கிறோம். அதனால் 'செல்போனில் கதை படிக்கிறாள்' என்று பெண்ணைக் கரித்துக் கொட்டும் அம்மாக்களோடு சேர எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் படிக்காமலே நல்லது கெட்டது சொல்லவும் கூடாதில்லையா? போன மாதம் முழுக்க இந்தக் கதைகளைத்தான் படித்தேன். செல்போனில் பத்தொன்பது தொடர்கதை, அச்சில் ஏழு. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். தைக்கக் கொடுக்க வரும் பெண்கள்தான் எதைப் படிக்கலாம் என்று சொன்னார்கள். இரண்டு வகை. ஒன்று 'ஃபேன்டஸி': நாகினி, யட்சி, முன்ஜென்மப் பகை, சித்தர் மலை. இன்னொன்று 'டார்க் ரொமான்ஸ்'. நம் பெண்கள் இதை 'ஆன்ட்டி ஹீரோ கதை' என்கிறார்கள். இதில் கதாநாயகன் கோடீஸ்வரன், கோபக்காரன். பெண்ணின் அப்பா செய்த ஏதோ ஒரு தப்புக்காக அவளைக் காரில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோய், கட்டாயமாகத் தாலி கட்டுவான். அறைவான், பூட்டி வைப்பான். நாற்பதாவது அத்தியாயத்தில் அவனுடைய சின்ன வயசுக் கஷ்டம் ஒன்று வெளியே வரும். உடனே அவள் உருகிப் போவாள். அறுபதாவதில் வளைகாப்பு!

ஃபேன்டஸி கதைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அம்புலிமாமாவில் வேதாளம் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். 1990-களில் சன் டிவியில் 'மர்மதேசம்' வந்தபோது, விடாது கருப்பின் குதிரைச் சத்தத்துக்குப் பயந்து கொல்லைப்பக்கம் போகத் துணை தேடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் 2024-ல் காலமானார். அவர் வைத்த பயத்தில் நம் மண் வாசனை இருந்தது. இப்போது வரும் சிலதில் அது இல்லை. இங்கிலீஷ் ரத்தக்காட்டேரியை அப்படியே தூக்கி வந்து, தமிழ்ப் பெயர் சூட்டி, நம்மூர்க் காட்டில் பனி கொட்ட வைக்கிறார்கள். எந்தக் காட்டிலம்மா பனி கொட்டுகிறது? இங்கே ஐப்பசியில் மழை பெய்து வைரமேக தடாகம் நிரம்பினாலே பெரிய விஷயம். இருந்தாலும் அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. யட்சியையோ நாகராஜனையோ யாரும் மாப்பிள்ளை பார்க்கப் போவதில்லை.

கோடீஸ்வரன் சமாசாரம் அப்படி இல்லை. அவன் நம் ஊர் ரோட்டில் கார் ஓட்டுகிறான், நம் கோயிலில் தாலி கட்டுகிறான். எனக்கு உறுத்துவது அங்கேதான்.

பெண்களுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் நிறைய. விடியற்காலையில் கம்பெனி பஸ், எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, திரும்பவும் பஸ். அந்தப் பஸ்ஸில்தான் கதை. வீட்டுக்கு வந்தால் பாத்திரம், துணி. "சாப்பிட்டியா?" என்று அவளைக் கேட்க ஆள் இல்லாத வீடுகள் எத்தனை! கதையில் வருகிறவன் எப்படிப்பட்டவன்? ஆயிரம் கோடி வியாபாரத்தைப் போட்டுவிட்டு இவள் ஒருத்தியையே கண்காணித்துக்கொண்டிருக்கிறான். அவள் தும்மினால்கூட அவனுக்குத் தெரிகிறது. அவன் கொடுக்கிற அடி யாருக்கும் பிடிக்கவில்லை. அந்தக் கவனிப்புதான் பிடித்திருக்கிறது. கவனிப்பு வேண்டுமென்றால் அடியையும் சேர்த்து வாங்கிக்கொள் என்று இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள் எழுதுகிறவர்கள். எழுதுகிறவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பெண் பெயரில்தான் எழுதுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தச் சரக்கு நம் நாட்டில் விளைந்ததும் இல்லை. 1919-லேயே இங்கிலாந்தில் ஈ.எம்.ஹல் என்ற பெண்மணி 'தி ஷேக்' என்று ஒரு நாவல் எழுதினார். பாலைவனத்து ஷேக் ஒருவன் வெள்ளைக்காரப் பெண்ணைக் கடத்திப் போவான், பலவந்தம் செய்வான், கடைசியில் அவள் அவனையே காதலிப்பாள். அமோக விற்பனை! 1921-ல் சினிமாவும் வந்தது. நூறு வருஷம் கழித்து ஷேக் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆர். பங்களாவுக்குக் குடி வந்திருக்கிறான், அவ்வளவுதான். நம் ரமணிசந்திரன் நாவல்களிலும் கோபக்கார ஆண்கள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. சந்தேகப்படுவான், சுடுசொல் பேசுவான். ஆனால் அந்தப் பெண்களுக்கு ரோஷம் இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அவன் இறங்கி வந்தாக வேண்டும்.

இதெல்லாம் வெறும் கதைதானே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் இந்த இருபத்தாறையும் படிக்க உட்கார்ந்ததற்குக் காரணமே என் நாத்தனார் மகள்தான். அவளுக்குத் தை மாதம் நிச்சயம் ஆகியிருக்கிறது. ஒருநாள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவள் சந்தோஷமாகச் சொன்னாள்: "அத்தை, அவருக்கு என் மேல ரொம்பப் பொசசிவ். என் போன் பாஸ்வேர்டு வாங்கிக்கிட்டார். யார் யார்கிட்ட பேசினேன்னு ராத்திரி பார்த்துட்டுதான் தூங்குவார். ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற அண்ணன் நம்பரைக்கூட எடுத்துட்டார்."

"உனக்குக் கஷ்டமா இல்லையாடி?" என்றேன்.

"கஷ்டம்தான். ஆனா ஆன்ட்டி ஹீரோ மாதிரி இல்ல?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதை அந்தப் பையனைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை, அவன் கதை படிக்கிறவனாகவே தெரியவில்லை. ஆனால் அவன் செய்வதற்கு ஓர் அழகான பெயரை இவள் கையில் கொடுத்தது கதைதான். அந்தப் பெயர் இல்லையென்றால் அன்றைக்கே அவள் தன் அம்மாவிடம் வேறு மாதிரி பேசியிருப்பாள். "நீ அவர் போனைப் பார்த்தியா?" என்று கேட்டேன். "ஐயோ, கேட்டா கோபம் வரும் அத்தை" என்றாள். கதையில் கோபத்துக்கு அத்தியாயக் கணக்கு உண்டு, இன்னும் இருபது பொறுத்தால் மாறிவிடுவான். வீட்டில் யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? அவள் அம்மாவிடம் நான் பேசிவிட்டேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, பார்ப்போம்.

சட்டம் இந்தக் கதாநாயகர்களை என்ன சொல்கிறது என்று இவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ! 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பலவந்தத்தால் சம்மதம் வாங்கிச் செய்த கல்யாணத்தைக் கோர்ட்டில் ரத்து செய்யச் சொல்லலாம். அதற்குக் கெடு உண்டு. பலவந்தம் நின்ற ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், அதற்கப்புறம் மனசார அவனோடு குடித்தனம் நடத்தியிருந்தால் முடியாது. கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்தினால் பத்து வருஷம் வரை ஜெயில். 2013-ல் கொண்டுவந்த சட்டத்தில், வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்வது மட்டுமல்ல, ஒரு பெண்ணின் இன்டர்நெட், ஈமெயில் உபயோகத்தைக் கண்காணிப்பதும் குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவை இருக்கின்றன. 1992-லேயே மகளிர் காவல் நிலையம் ஆரம்பித்த மாநிலம் இது. நான் படித்த இருபத்தாறு கதையில் ஒரு பெண்ணாவது, ஒரு பெண்ணின் அம்மாவாவது அங்கே படி ஏற வேண்டுமே? ஊஹும்! 181-க்கு ஒரு போன்கூடக் கிடையாது.

எங்கள் ஊர்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பராந்தக சோழன் காலம், 919, 921-ம் வருஷங்கள். ஏரி வாரியத்தில் உட்காரும் ஆளுக்கே எத்தனை நிபந்தனை! முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள், சொந்த மனையில் வீடு, வரி கட்டுகிற நிலம். கணக்குக் காட்டாதவன், பிறர் பொருளைத் திருடியவன் பெயரை ஓலையிலேயே எழுதக்கூடாது. (பெண்ணுக்கு அந்தப் பானையில் ஓலையே கிடையாது, அது வேறு கதை.) ஏரி மடையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு இவ்வளவு கேட்டார்கள். ஒரு பெண்ணின் ஆயுசைப் பார்த்துக்கொள்ளும் கதாநாயகனுக்கு ஆறடி உயரமும் அப்பா சொத்தும் போதும் என்கிறார்கள்!

தடை போடு என்று நான் கேட்கவில்லை. தடை போட்டால் இன்னும் நாலு பேர் அதிகம் படிப்பார்கள். இங்கிலீஷ் புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே 'இதில் கடத்தல் வரும், பலவந்தம் வரும்' என்று எச்சரிக்கை போடுகிறார்கள். தமிழிலும் ஒன்றிரண்டு பேர் போடுவதைப் பார்த்தேன். எல்லாரும் போடட்டும். பதினான்கு வயதுப் பெண்ணும் அதே செல்போனில்தான் படிக்கிறாள். அடுத்த பகுதிக்குக் காசு கேட்க மறக்காதவர்களுக்கு இது பெரிய வேலையா என்ன?

எழுதும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கரடுமுரடான ஆணை எழுதுங்கள், இருட்டையும் எழுதுங்கள், எங்களுக்கும் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அவன் கை ஓங்கும்போது, அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, பஸ் பிடித்து, தன் காலில் நின்று, அப்புறமும் கதை சுவாரஸ்யமாகப் போகிற மாதிரி ஒன்று எழுதக்கூடாதா? அப்படி ஏற்கெனவே ஏதாவது வந்திருந்தால், படித்த வாசகியர் இந்தப் பகுதிக்குப் பெயரை எழுதி அனுப்புங்கள். என் நாத்தனார் மகளுக்குக் கொடுக்க வேண்டும். அச்சில் கிடைப்பதாக இருந்தால் நல்லது. செல்போனில் படித்துக் கண் வலி கண்டுவிட்டது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

— ஒரு வாசகி, உத்திரமேரூர்