ஹாங்காங்கில் ஏழு நாட்கள்

ஹாங்காங் செல்ல எண்ணியிருக்கும் வாசகர்களே, பயணத் திட்டத்தை எழுத அமருமுன் நான் செய்த பிழையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரையும் துணைவியாரையும் அங்கே அழைத்துச் சென்றேன். ஏழு நாட்களுக்கு 23 இடங்களைத் தாளில் குறித்திருந்தேன். மூன்றாம் நாள் பிற்பகல் உம்மா படகுத்துறை இருக்கையில் அமர்ந்து காலணிகளைக் கழற்றினார்கள். பாதங்கள் வீங்கியிருந்தன. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க வாப்பா. நான் இந்தக் கப்பலெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்கள். அந்தத் தாளை அதன்பின் நான் பிரிக்கவே இல்லை.

அந்த நகரின் பரபரப்பை நம்மால் குறைக்க இயலாது. நம் பட்டியலைக் குறைக்கலாம். நாளொன்றுக்கு ஓரிடம், அதுவும் முற்பகலில். பகலுணவுக்குப் பின் ஓய்வு. மாலையில் கடற்கரை. இதற்கு மேல் எதையும் எழுதாதீர்கள்.

தங்குமிடத்தைக் கவுலூன் பகுதியில் நாதன் சாலையை ஒட்டித் தேடுங்கள். அறைகள் சிறியவைதாம். ஆயினும் 1984இல் திறக்கப்பட்ட இன்றைய கவுலூன் பள்ளிவாசல் அச்சாலையிலேயே உள்ளது. பெண்களுக்குத் தனித் தொழுமிடம் உண்டு. பின்புறம் மரங்கள் அடர்ந்த பூங்கா. முதியோர் அமர்ந்திருக்க ஏற்ற இடம். படகுத்துறையும் நடக்கும் தூரத்தில்தான். ஏழு நாட்கள் ஒரே ஊரில் தங்க நிய்யத் வைத்தவர்களுள் ஷாஃபி மத்ஹபினருக்கு அங்கே கஸ்ரு இல்லை, ஹனஃபிகளுக்கு உண்டு என்பதையும் புறப்படுமுன் நினைவிற்கொள்க. ஒரே குடும்பத்தில் இரு மத்ஹபும் இருந்தால் விமான நிலையத்திலேயே விவாதம் தொடங்கிவிடுகிறது!

ஸ்டார் ஃபெர்ரி படகு கவுலூனிலிருந்து ஹாங்காங் தீவுக்குப் பத்து நிமிடத்திற்குள் சேர்த்துவிடும். தீவில் 1904 முதல் ஓடும் இரண்டடுக்கு டிராம் வண்டியில் பின்வழியே ஏறி, இறங்கும்போது முன்வழியில் கட்டணம் செலுத்த வேண்டும். எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரே கட்டணம். மாடிப்படி குறுகலானது; முதியோரைக் கீழேயே அமர்த்துங்கள். வான்சாய் பகுதியிலுள்ள அம்மார் பள்ளிவாசலின் ஐந்தாம் மாடி உணவகத்தில் சீனர்களின் திம்சம் ஹலாலாகக் கிடைக்கிறது. ஆவியில் வெந்த அந்தக் கொழுக்கட்டைகளை உம்மா முதலில் ஐயத்தோடு நோக்கினார்கள். பிறகு இன்னொரு தட்டு கேட்டார்கள்.

ஞாயிறன்று விக்டோரியா பூங்காவுக்குச் செல்லுங்கள். வீட்டு வேலைக்கு வந்துள்ள இந்தோனேசியச் சகோதரிகள் விடுமுறை நாளில் பாய் விரித்து, உணவைப் பகிர்ந்து, கூட்டங்கூட்டமாக அமர்ந்திருப்பார்கள். முக்காடு அணிந்த நம் பெண்களுக்கு அங்கே அந்நியம் தோன்றாது. ஒரு நாளைச் சியுங் சாவ் தீவுக்கு ஒதுக்கலாம். மீன்பிடிப் படகுகள் நிறைந்த அச்சிற்றூரில் கார்களே இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை இதமானது. கோடையில் புயல் எச்சரிக்கை 8 ஏற்றப்பட்டால் படகுகள் நின்றுவிடும். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் 2017 ஜனவரி முதல் இணையத்தில் முன்பதிவு பெற்றே செல்ல வேண்டியிருக்கிறது. விமானச்சீட்டு வாங்குமுன் அதை முடித்துவிடுங்கள்.

எங்கள் கடைசி நாளை உம்மாவிடமே விட்டுவிட்டேன். அவர்கள் கேட்டது ஸ்டார் ஃபெர்ரி மட்டும். அதன் இருக்கைகளின் முதுகுப்பலகையைப் படகு செல்லும் திசைக்கேற்ப முன்னும் பின்னும் தள்ளிவிடலாம். அன்று ஐந்து முறை அக்கரைக்கும் இக்கரைக்குமாகச் சென்றோம். ஒவ்வொரு முறையும் பலகையைத் தம் கையாலேயே தள்ளிவிட்டுத்தான் அமர்ந்தார்கள்.