தீபாவளிச் சாமான் எங்கே வாங்குவது?

தீபாவளி நெருங்குகிறது. இந்த மாதங்களில் மழையும் வலுக்கும். பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை. கை மெலிந்திருக்கும் வேளையில்தான் பிள்ளைகளுக்குச் சட்டை, தாய்க்குப் புடவை, அண்டை வீட்டு மலாய், சீன நண்பர்களுக்குப் பலகாரம் என்று செலவு வந்து நிற்கிறது.

இச்செலவை எங்கே செய்வது? பேரங்காடியில் சில சாமான்கள் விலை குறைவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சம்பளம் பிந்தினால் அரிசிக்குப் பற்று எழுதும்படி பேரங்காடியின் கல்லாவில் கேட்க முடியுமா? எழுதிக் கொடுப்பவர் நம் பட்டணத்துச் சிறு கடைக்காரரே. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் ஈப்போ லகாட் சாலையிலும் உள்ள ஜவுளிக் கடைகளும் பலகாரக் கடைகளும் தீபாவளி வியாபாரத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

ஆதரவு கேட்பவருக்கும் கடமை உண்டு. கடைக்காரர்களே! விலையை எழுதி வையுங்கள், ரசீது கொடுங்கள். 1-8-2025 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் கடைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்பது சட்டம். இரவு நெடுநேரம் நின்று துணி மடிக்கும் பையனும் பெண்ணும் தொழிலாளர்களே. அவர்கள் வீட்டிலும் தீபாவளி உண்டு.

தோழர்களே! கிராணிமாரே! அரிசிக்குப் பற்று எழுதலாம். பட்டுக்கு எழுத வேண்டாம். கையில் உள்ள காசுக்கு வாங்குங்கள். நியாயமாக நடக்கும் சிறு கடையைத் தேடிச் செல்லுங்கள். சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கும் கடையில் நாம் செலவிடும் வெள்ளி, இன்னொரு தொழிலாளியின் அடுப்பிலும் பலகாரச் சட்டி ஏற்றும்.